இல்லாமல் இருந்தால் பத்து

ஆஸ்பத்திரியில் அவனை எல்லோரும் பைலட் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். தரையை விட்டு ஒரு சாண்கூட மேலே போகாத பைலட் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அவன் மனைவி அதே ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். அவளுக்கு அங்கே லேப் அக்கா என்று பெயர். அவசர கேஸ்களின் ரத்த சாம்பிள் குழாய்களை அவன் ஓடிவந்து ஜன்னலில் நீட்டுவதும் அவள் வாங்கி வைப்பதுமாகத் தொடங்கியது கல்யாணத்தில் போய் நின்றது. படித்த தங்கை வண்டி ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டாளே என்று அவளுடைய அண்ணன் அன்றோடு பேச்சை நிறுத்தினார். பெண் பிறந்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது அந்தப் பெண்ணுக்குப் பதினொரு வயது. வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள்.

வெளிநாட்டு ஆசை லேப் அக்காவுக்குத் தானாக வரவில்லை. நிர்வாகம் லேபை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது. நிரந்தரமாக இருந்த வேலை ஆறு மாத ஒப்பந்தமாயிற்று. சாயமேற்றிய கண்ணாடித் துண்டைக் கண்ணால் பார்த்து அணுக்களை எண்ணிக்கொண்டிருந்தவர்கள், மெஷினின் வாயில் குழாய் ஊட்டுகிறவர்கள் ஆனார்கள். பக்கத்து மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்திருந்த தோழி முதலில் பறந்தாள். போய்ச் சேர்ந்த பிறகு போன் செய்து, அங்கே திறமையான தொழிலாளர்களுக்குப் புள்ளி போட்டு விசா தருகிறார்கள், லிஸ்டில் நம்ம வேலை இருக்கிறது, நாற்பது வயதானால் பத்துப் புள்ளி கழித்துவிடுவார்கள், அதற்குள் செய்துவிடு என்றாள். லேப் அக்காவுக்கு அப்போதுதான் முப்பத்தெட்டு பிறந்திருந்தது.

ஆலோசனை நிலையம் ஒரு செல்போன் கடையின் மாடியில் இருந்தது. ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏற முடியாத படிக்கட்டு. ஆலோசகர் சின்ன வயதுக்காரர், இஸ்திரி கலையாத சட்டை, கையில் கால்குலேட்டர். வயதுக்கு, படிப்புக்கு, அனுபவத்துக்கு, ஆங்கிலத்துக்கு என்று கூட்டிக்கொண்டே போனார். வரிசையில் நிற்பதற்கு அறுபத்தைந்து புள்ளி போதும். ஆனால் கல்யாண வீட்டுக்குள் நுழைவது வேறு, பந்தியில் இடம் கிடைப்பது வேறு இல்லையா? அவளுடைய தொழிலில் கடைசியாக உள்ளே கூப்பிட்டவர்களுக்கு எண்பத்தைந்து இருந்தது. ஆங்கிலத்தில் உச்ச மதிப்பெண் எடுத்தாலும் அவளுக்கு எழுபத்தைந்துக்கு மேல் ஏறவில்லை. கணவருக்கு என்ன வேலை என்று கேட்டார். சொன்னதும் கால்குலேட்டர் நின்றது. ஓட்டுநர் வேலை லிஸ்டில் இல்லை. அவரும் ஆங்கிலப் பரீட்சையில் தேறினால் ஐந்து புள்ளி வரும், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

இருவரும் படிக்கத் தொடங்கினார்கள். அவள் சமையல் மேடையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, யாரோ வெள்ளைக்காரர் காலநிலையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டபடியே சமைத்தாள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது கட்டுரைகளை மனதுக்குள்ளேயே எழுதிப் பார்த்தாள். மூன்றாவது முயற்சியில் உச்ச மதிப்பெண் கிடைத்தது. பைலட் புத்தகத்தை வண்டியிலேயே வைத்திருந்தான். அடுத்த அழைப்பு வரும்வரை படிப்பதாகச் சொல்வான். போய்ப் பார்த்தால் முகத்தின்மேல் புத்தகம் கவிழ்ந்திருக்கும், கீழே குறட்டை கேட்கும். இரண்டு தடவை பரீட்சை எழுதி, இரண்டு தடவையும் கட்டுரையில் கோட்டை விட்டான். நகரத்துக்கு மரங்கள் ஏன் தேவை என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்களாம். மரம் தேவை, நிழல் தேவை, இதற்குமேல் அதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்டான். குட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். லேப் அக்காவும் சிரித்தாள். ஆனால் அன்று அவள் சாப்பிடவில்லை.

இரண்டாவது தோல்விக்குப் பிறகு இருவரும் சேர்ந்தே ஆலோசகரைப் பார்க்கப் போனார்கள். அவர் இந்த முறை கால்குலேட்டரை எடுக்கவில்லை.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ரூல் நான் போடல, இருக்கிறதைப் படிச்சுக் காட்டுறேன். கணவர் கூட இருந்து, அவருக்கு இங்கிலீஷ் இல்லேன்னா சைபர். இங்கிலீஷோட இருந்தா அஞ்சு. கணவரே இல்லாம இருந்தா பத்து."

தனியாக விண்ணப்பிக்கிறவர்களுக்கு அந்தப் பத்து உண்டு. கல்யாணம் ஆனவர்களென்றால் ஒரு வருடம் வெவ்வேறு முகவரியில் இருந்து, சட்டப்படி விவாகரத்து பெற்றிருக்க வேண்டும். போனவர்களில் சிலர் அங்கே போய்க் காலூன்றிய பிறகு மறுபடியும் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு துணையைக் கூப்பிட்டுக்கொண்டதாகக் கேள்வி என்றும், இதைத் தான் சொன்னதாக எங்கேயும் சொல்ல வேண்டாம் என்றும் ஆலோசகர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

திரும்பி வரும் வழியில் சிக்னலில் பைக் நின்றபோது பைலட் தலையைத் திருப்பாமலே பேசினான்.

"பேப்பர்லதானே. பண்ணிடலாம்."

"பேசாம வண்டிய ஓட்டு."

"நான் இருக்கிறதாலதான் உனக்குக் குறையுதுன்னா..."

"பைலட்டு, சிக்னல் விழுந்திருச்சு. போ."

பின்னால் உட்கார்ந்திருந்த அவளுக்கு அவன் முகம் தெரியவில்லை. விளையாட்டாகச் சொன்னானா, மனம் நொந்து சொன்னானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

அடுத்த மாதம் லேபில் அவளுக்கு மூத்தவள் ஒருத்தியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். அந்த அம்மாள் தன் வெள்ளைக் கோட்டை மடித்து, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் படியிறங்கிப் போனாள். அவளுக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வருஷம்தானே என்று லேப் அக்காவின் வாயிலிருந்தே வந்தது. பைலட் சரி என்றான். அவன் அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் டயர் கடை மாடியில் ஒரு அறை கிடைத்தது. ஒரு மெத்தை, இரண்டு பை, ஒரு மேஜை விசிறி, அவ்வளவுதான் கொண்டுபோனான். விசா ஆபீஸிலிருந்து யாராவது விசாரிக்க வந்தால் அக்கம்பக்கம் நம்பும்படியாகச் சொல்ல வேண்டும். அக்கம்பக்கம் நம்ப வேண்டுமென்றால் முதலில் குட்டி நம்ப வேண்டும். பதினொரு வயதுப் பெண் வாயைக் கட்டிவைக்க முடியாதே. அதனால் அவளிடமும் உண்மையைச் சொல்வதில்லை என்று முடிவு செய்தார்கள். இந்தக் கதையில் அவர்கள் செய்த காரியங்களிலேயே கொடியது அதுதான்.

அப்பாவும் அம்மாவும் இனித் தனித்தனியாக இருக்கப்போகிறோம், ஒத்துவரவில்லை என்று லேப் அக்கா சொன்னாள். பைலட் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

"நேத்துகூட ரெண்டு பேரும் சேந்து சிரிச்சீங்களே," என்றாள் குட்டி.

லேப் அக்கா அவளைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

முதல் சில மாதங்கள் அப்படி ஒன்றும் மோசமில்லை. ரத்த சாம்பிள் குழாய்களைக் கொடுக்கும் சாக்கில் அவன் ஜன்னலுக்கு வருவான். வாங்கும்போது அவள் ஒரு டப்பாவில் சாப்பாட்டை நகர்த்துவாள். குட்டி டியூஷன் போகும் நேரத்தில் ஆம்புலன்ஸ் ஷெட்டின் பின்புறம் நின்று டீ குடிப்பார்கள். யாராவது வந்தால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சொந்தப் பொண்டாட்டியோடு கள்ளக்காதல் நடத்துகிற ஒரே ஆள் உலகத்திலேயே நான்தான் என்று அவன் சொல்ல, அவளுக்குப் புரையேறும். அங்கே போனதும் முதலில் என்ன வாங்குவது, குட்டிக்குத் தனி அறை உண்டா, பனி கொட்டுமா என்றெல்லாம் பேசுவார்கள். பனியில் வண்டி ஓட்டத் தனியாகப் பழக வேண்டுமாம் என்று அவன் எங்கேயோ கேட்டுவந்து சொன்னான்.

செய்தி எப்படியோ அண்ணன் காதுக்கு எட்டியது. இத்தனை வருடம் வராதவர் பழப்பையும் கையுமாக வந்து வாசலில் நின்றார். தலை நரைத்திருந்தது. தங்கையைப் பார்த்ததும் அழுதுவிட்டார். அவர் கெட்டவரில்லை. கோபத்தில் ஆரம்பித்தது வீம்பாகி, வீம்பு பழக்கமாகி, திரும்பி வர வழி தெரியாமல் இருந்தவர். இந்தப் பிரிவு அவருக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டது. குட்டியை மடியில் உட்கார வைக்கப் பார்த்தார். அவள் விலகிப்போய் உள் அறைக் கதவோரம் நின்றாள்.

அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார். அவனை ஒரு தடவை வரச் சொல், என் முன்னால் இரண்டு பேரும் பேசுங்கள், சேர முடியுமென்றால் நானே சேர்த்துவைக்கிறேன், முடியாதென்றால் நானே முன்னின்று முடித்துவைக்கிறேன் என்றார். மறுக்க முடியவில்லை. மறுத்தால் சந்தேகம் வரும். அன்று மதியம் அவளும் பைலட்டும் போனில் ஒத்திகை பார்த்தார்கள். நான் நேரத்துக்கு வீட்டுக்கு வருவதில்லை என்று நீ சொல், உனக்குத் திமிர் என்று நான் சொல்கிறேன், சிரித்து மட்டும் காரியத்தைக் கெடுத்துவிடாதே என்று அவன் சொன்னான்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பைலட் சுவரோரம் நின்றான். அவனை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவள் ஒத்திகை பார்த்தபடியே, இவர் நேரத்துக்கு வீட்டுக்கு வருவதில்லை என்று தொடங்கினாள். அண்ணன், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் வேறு எப்படி வருவான், இதற்கா பிரிவார்கள் என்று நியாயமாகக் கேட்டார். அப்போது அவள் வேறு ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

"நான் பரீட்சை எழுதிட்டு வந்தா, எப்படி எழுதினேன்னு ஒரு நாள் கேட்டதில்ல. இவருக்கு ஒரு புஸ்தகம் குடுத்தேன். ஒரே ஒரு புஸ்தகம். அதைத் தலைக்கு வெச்சுத் தூங்கினாரு. நான் மேல ஏறணும்னு இவருக்கு ஆசையே கிடையாது அண்ணா. ஏறினா இவரு கீழ தெரிவாரு, அதான்."

சொல்லி முடித்த பிறகுதான் அது ஒத்திகையில் இல்லாதது என்று அவளுக்கே உறைத்தது. பைலட் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் குரல் உயரவில்லை.

"அவங்க மைக்ராஸ்கோப்ல பாக்குற மாதிரியேதான் என்னையும் பாப்பாங்க. என்ன குறை இருக்குன்னு. இத்தனை வருஷம் பாத்தாச்சு. ரிசல்ட்டு வந்துருச்சு, அவ்வளவுதான். இதுல சேத்துவைக்க ஒண்ணுமில்லீங்க."

அண்ணன் எழுந்தார். அவனைப் பார்த்து ஒரு வார்த்தைகூடக் கடுமையாகச் சொல்லவில்லை. தங்கையின் தோளில் கை வைத்து, நான் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். உள் அறைக் கதவு மெதுவாகச் சாத்தும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் அவன் போன் செய்தான்.

"நல்லா நடிச்சே."

"நீயும்தான்."

அதில் எது நடிப்பு என்று அவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சரியாகியிருக்கும்.

அதற்கப்புறம் டீ குறைந்தது. அவனுக்கு டியூட்டி மாறியது என்றான், அவளுக்கு வேலை அதிகம் என்றாள். இரண்டும் உண்மைதான். டப்பா சில நாள் திறக்காமலே திரும்பி வந்தது. மற்றவர்களுக்கு முன்னால் மட்டும் அவனை 'நீங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தவள், போனில் தனியாகப் பேசும்போதும் அப்படியே சொல்லத் தொடங்கினாள். எப்போது மாறியது என்று அவளுக்கே தெரியாது.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, வார்டிலிருந்து வந்த ஊதா மூடிக் குழாய்களை அவள் வரிசையாக மெஷினில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நாலாவது குழாயின் ஸ்டிக்கரில் அவன் பெயர் இருந்தது. அதே பெயரில் வேறு யாரோ என்று நினைத்து வயதைப் பார்த்தாள். மெஷின் தன் பாட்டுக்கு உறிஞ்சி, கணக்குப் போட்டு, தாளைத் துப்பியது. டெங்குக் காய்ச்சல்காரர்களுக்கு விழுவதுபோலப் பிளேட்லெட் எண்ணிக்கை பாதாளத்தில் இருந்தது. மெஷினை நம்பாமல் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, தானே எண்ணிப் பார்த்தாள். மெஷின் பொய் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு, வார்டுக்குப் போன் செய்து, எண்ணை மட்டும் சொன்னாள். வேறு யாருக்கும் செய்வதைத்தான் செய்தாள்.

மதியம் வார்டு வாசலில் போய் நின்றாள். டயர் கடைக்காரர் அவன் கட்டிலருகில் உட்கார்ந்து அவனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் இவளைப் பார்த்துச் சங்கடத்தோடு, உள்ளே போகிறீர்களா அக்கா என்று கேட்டாள். ஒரு ரிப்போர்ட் கொடுக்க வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். நாலைந்து நாளில் அவன் தேறினான். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று போனில் கேட்டபோது, நீ வந்து உட்கார்ந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், பட்ட கஷ்டமெல்லாம் வீணாகிவிடும் என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

வருடம் முடிந்தது. பிரிவு சட்டப்படி பதிவாயிற்று. அண்ணன் சொன்னபடியே முன்னின்று முடித்துவைத்தார். ஆலோசகர் அவளைத் தனியாள் என்று பதிந்தார். எண்பத்தைந்து. அவள் வரிசையில் சேர்ந்தபோது நாற்பதுக்குச் சில மாதங்களே இருந்தன.

முதல் சுற்றில் அவளுடைய தொழிலுக்குத் தொண்ணூறு புள்ளி வரைதான் கூப்பிட்டார்கள். பரவாயில்லை, அடுத்த சுற்றில் இறங்கும் என்றார் ஆலோசகர். அடுத்த சுற்றில் அவளுடைய தொழிலில் ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை. அங்கேயும் மெஷின் வந்துவிட்டதோ என்னவோ, யாருக்குத் தெரியும்? தோழிக்குப் போன் செய்தாள். தோழி, இங்கேயும் ஆள் குறைக்கிறார்கள், நான் இப்போது லேபில் இல்லை, முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன், உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது என்றாள்.

நாற்பதாவது பிறந்தநாளன்று அவளை முதலில் நினைத்துக்கொண்டது அந்த நாட்டு அலுவலகத்தின் கம்ப்யூட்டர்தான். உங்கள் புள்ளிகள் மாற்றியமைக்கப்பட்டன என்று செய்தி அனுப்பியிருந்தது. எழுபத்தைந்து. கணவனோடு இருந்தபோது எத்தனை இருந்ததோ அதே எழுபத்தைந்து. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, ஒரு குடும்பத்தைக் கொடுத்து வாங்கிய பத்துப் புள்ளியை ஒரு பிறந்தநாள் தின்றுவிட்டுப் போயிற்று. ஆலோசகர், வேறொரு நாட்டில் வேறு மாதிரி கணக்கு, ஆனால் அதற்கு இன்னொரு மொழி படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவளுக்குப் பின்னால் நின்ற இளம் ஜோடியை உட்காரச் சொல்லிக் கைகாட்டினார்.

அவள் நேரே டயர் கடை மாடிக்குப் போனாள். அறை சுத்தமாக இருந்தது. ஓர் அடுப்பு, ஒரு தட்டு, ஒரு டம்ளர், கொடியில் காய்ந்த சீருடை. ஒரு ஆள் மட்டும் வாழ்வதற்கு எது எது வேண்டுமோ அது அது அதனதன் இடத்தில் இருந்தது. அவள் சொன்னதைக் கேட்டு அவன் வெகு நேரம் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்கு வாங்க," என்றாள்.

"வரேன். இந்த வாரம் டியூட்டி இருக்கு."

வாரம் கழித்துத்தான் வந்தான். ஒரு பையை மட்டும் கொண்டுவந்தான், மெத்தையை எடுத்துவரவில்லை. கூடத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தான். தண்ணீர் வேண்டுமென்றால் தானே எடுத்துக்கொள்ளாமல் கேட்டான். அவள் குட்டியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொன்னாள். அது பொய்ச் சண்டை, உனக்காகத்தான், இனி அப்பா இங்கேதான் இருப்பார் என்றாள். குட்டி குறுக்கே பேசாமல் கேட்டாள். இந்த ஒன்றரை வருடத்தில் நன்றாக வளர்ந்திருந்தாள்.

"சரிம்மா. வெளியில யாராவது கேட்டா எதைச் சொல்லணும்? அதை மட்டும் சொல்லு."

பைலட் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

அண்ணனிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, என்னை அழவைத்ததும் நடிப்புதானா என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். இனி நீ எதைச் சொன்னாலும் நான் எப்படி நம்புவது என்று சொல்லிப் போனை வைத்தார். அதன் பிறகு அவர் வரவில்லை. இந்த முறை அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது.

மறுபடியும் கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அவ்வப்போது பேசுவார்கள். லீவு கிடைக்கட்டும் என்பான் அவன். குட்டி பரீட்சை முடியட்டும் என்பாள் அவள். டயர் கடை அறையை அவன் காலி செய்யவில்லை. இரவு டியூட்டிக்கு அதுதான் பக்கம் என்று வாரத்தில் பாதி நாள் அங்கே தங்கினான். அவளுடைய ஒப்பந்தம் இன்னும் ஆறு மாதத்துக்கு நீண்டது. லேபுக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி, கல்யாணத்துக்கு முன்னால் அப்ளை பண்ணுவது நல்லதா அக்கா என்று கேட்டாள். லேப் அக்காவுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டுக் குழாய்களை அடுக்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். குட்டி போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். குழம்பில் உப்புப் போதுமா என்று லேப் அக்கா கேட்க, போதும் என்று அவன் சொன்னான். பாதியில் அவனுக்கு அழைப்பு வந்தது, எங்கேயோ விபத்து. கையைக் கழுவிக்கொண்டு, சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலில் செருப்பில் கால் நுழைத்தபடி வழக்கம்போல "வரேன்" என்றான்.

போகிறவர்கள் எல்லோரும் சொல்கிற சொல்தான். எங்கே வருவான், இங்கேயா, அங்கேயா என்று அவள் கேட்கவில்லை. சரி என்று தலையசைத்து, அவன் தட்டில் மீதி இருந்ததை எடுத்து மூடி வைத்தாள்.